காம்பில் கட்டிய நார்

கேளுங்கள் பிள்ளைகளே, பெரியவர்களும் கேளுங்கள். மலைக்கு ஒரு ராஜா, ஆற்றுக்கு ஒரு ராஜா என்று ஆண்ட காலம் அது. ஓடைக்கரை ஊர் ஒன்றில் செங்கோடன் என்றொரு குடியானவன் இருந்தான். அவன் மனைவி நாச்சாயி. வீட்டுக்குப் பின்னால் சின்னத் தோட்டம். பாத்தியில் கத்தரி, வேலியில் அவரை, பந்தலில் சுரை. அதை வைத்துத்தான் அவர்கள் பிழைப்பு.

ஒரு கோடையில் வந்த அம்மை செங்கோடனின் கண்களைக் கொண்டுபோய்விட்டது. அதன்பிறகு அவன் சுவரோரம் சுருண்டே கிடந்தான். சோறும் இறங்கவில்லை. ஒருநாள் காலையில் தானாகவே எழுந்து உட்கார்ந்து, "காய் பறிக்கிறது என் வேலைதானே? கூடையைக் கொடு" என்றான். நாச்சாயிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

முதல் நாள் தடவித் தடவி, முற்றாத கத்தரிப் பிஞ்சுகளையே பறித்து வந்தான். அவள் அதையே வதக்கி வைத்தாள். மறுநாள் அவரையைப் பூவும் கொத்துமாக உருவி வந்தான். அவள் அதையும் ஆய்ந்து கறி வைத்தாள்.

மூன்றாம் நாள் அவன் கை, விதைக்கென்று விட்டிருந்த ஒற்றைச் சுரைக்காயைப் பிடித்தது. அது போனால் அடுத்த வருஷம் பந்தல் வெறும் கம்புதான். நாச்சாயி கத்த வாயெடுத்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு அதில் ஒரு சிரிப்பு.

"இந்தப் பக்கம் கொஞ்சம் வாங்க. கொடியைத் தூக்கிப் பிடிக்கக் கை பத்தலை" என்று அவனை வேலிப்பக்கம் அழைத்துப் போனாள்.

மதியம் அவன் கண்ணயர்ந்தபோது வாழைநாரை நனைத்துக் கிழித்தாள். விதைச் சுரையின் காம்பில் ஒரு முடிச்சு. முற்றாத பிஞ்சுகளின் காம்பிலெல்லாம் ஒவ்வொரு முடிச்சு.

மறுநாள் அவன் விரலில் நார் தட்டியது.

"நாச்சாயி, காம்பிலே என்ன இது?"

"காற்றுக்கு ஆடாம இருக்கட்டுமேன்னு கட்டினேன்."

ஓர் இலைகூட அசையாத காலை அது. அவன் அடுத்த காம்பைத் தடவினான். அதற்கடுத்ததையும் தடவினான். நார் கட்டியதெல்லாம் பிஞ்சாகவே கைக்கு அகப்பட்டது.

"ஆமாம், இந்த வருஷம் காற்று அதிகம்தான்" என்றான் மெல்ல.

அன்று அவன் நார் கட்டாத காய்களாகப் பறித்துக் கூடையை நிறைத்தான். மழைக்காலம் வருவதற்குள் நாரே வேண்டாதபடி விரல்கள் பழகிவிட்டன. விதைச் சுரையும் பந்தலிலேயே முற்றிக் காய்ந்தது.

இதனால் நாம் அறிவது: தடுமாறுகிறவரின் குறையைச் சொல்லிக் காட்டாமல், அவர் தானே செய்ய வழி செய்து கொடுப்பதே அன்பு.