நட்சத்திரம் போட்டவள் தோற்ற கதை

மங்கையர்க்கரசிக்கு நடந்தது அப்பட்டமான அநியாயம். காணாததைக் காணவில்லை என்று எழுதினாள்; அதற்காகவே தோற்றாள்.

மொழியியல் துறையில் போட்டி. வெல்பவருக்கு ஜெர்மனி போய்ப் படிக்க ஒரே ஓர் இடம். நகலில் மட்டுமே பார்த்த பழஞ்சுவடிகளை நேரில் பார்க்கலாம் என்று மங்கை தூக்கத்தைத் தொலைத்திருந்தாள். கேள்வி இதுதான்: பழைய ஜெர்மானிய மொழிகளில் பெயரடைகளை ஆக்கிய விகுதிகள் எங்கிருந்து வந்தன?

மங்கை, பரீதா, செல்வின் மூவரும் கேன்டீனில் ஒன்றாக உட்கார்ந்து படித்தவர்கள். ஆகவே விடையும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆங்கிலத்தில் 'ஃப்ரெண்ட்லி' என்கிறோமே, அந்த 'லி' ஒரு காலத்தில் 'லீக்' என்ற முழுச் சொல். உடல் என்று பொருள். நண்பனின் உடலும் சாயலும் கொண்டது எதுவோ, அது நட்பானது. பிற சொற்களின் முதுகிலேயே ஏறிப் பழகி, சொந்தக் காலில் நிற்க மறந்து, கடைசியில் வெறும் வாலாகிவிட்டது. பழைய ஆங்கிலத்திலும் கோதிக் என்ற பழைய ஜெர்மானிய மொழியிலும் அது தனிச் சொல்லாக நிற்பதை மூவருமே சான்றோடு காட்டினார்கள்.

ஆனால் அவற்றையெல்லாம் பெற்ற முந்திய தாய் மொழி ஒன்று உண்டு, அதை யாரும் எழுதி வைக்கவில்லையே! அங்கே அந்தச் சொல் எப்படி இருந்திருக்கும்? பரீதா கண்டதோடு நிறுத்திக்கொண்டாள். மங்கை மகள் மொழிகளை ஒப்பிட்டுத் தாயின் முகத்தை ஊகித்தாள். எந்தச் சுவடியிலும் கிடைக்காத சொல்லுக்கு முன்னால் நட்சத்திரக் குறி இடுவது அந்தத் துறையின் வழக்கம், அவளும் இட்டாள். செல்வினும் அதே சொல்லைத்தான் எழுதினான். ஆனால் நட்சத்திரத்தை அடிக்குறிப்புக்கான குறி என்று நினைத்து, கீழே குறிப்பைக் காணோமே என்று அதை அழித்துவிட்டான், புண்ணியவான்.

நடுவராக வந்தவர் பொருளாதாரப் பேராசிரியர். நட்சத்திரத்துக்கு என்ன அர்த்தம் என்று விசாரித்தவர், சந்தேகமே இல்லாமல் எழுதியவன் செல்வின்தான் என்று இடத்தை அவனுக்குக் கொடுத்தார். மங்கை முறையிட்டாள். பிழையே இல்லாதது தன் விடைதான் என்று பரீதாவும் வந்து நின்றாள்.

"ரெண்டு பேரும் ஒரே சொல்லைத்தானே எழுதினோம் மங்கை? எனக்குத் தைரியம் இருந்துச்சு, அவ்வளவுதான்" என்றான் செல்வின்.

நீங்களே சொல்லுங்கள்: கண்டதோடு நின்றவள், அடித்துச் சொன்னவன், ஊகத்தை ஊகம் என்றவள். இவர்களில் இடம் யாருக்குச் சேர வேண்டும்?

விடை: மங்கைக்கே. எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பாதி வழியில் நின்றுகொள்வது பதிலாகாது. காணாததைக் கண்டதாகச் சொல்வது தைரியமும் ஆகாது. நடுவரும் இதை ஒப்புக்கொண்டு இடத்தை மாற்றிக் கொடுத்தார். மனசு ஆறாமல் ஒன்று மட்டும் கேட்டார்: "உன் ஊகம் தப்புன்னு ஆயிட்டா என்னம்மா செய்வே?"

"எந்தச் செங்கல்லை உருவிப் பார்க்கணும்னு நானே குறி போட்டு வெச்சிருக்கேன் சார். செல்வின் தப்புன்னா மொத்த வீட்டையும் இடிக்கணும்."