பலவேசம் காத்திருந்த இரண்டு நிமிடம்

கேட்டுவிட்டு 'அடப் பாவமே' என்று எழுந்து போகிறவர்களுக்கு இந்தக் கதை வேண்டாம். எனக்கு ஒரு தீர்ப்பு வேண்டும். உட்கார முடிந்தால் உட்காருங்கள்.

சேர்மத்துரை பதினாறு வருடம் ஒரு பஞ்சாலை அணிக்காகச் சம்பளத்துக்கு சைக்கிள் பந்தயம் ஓட்டியவர். சொல்லிக்கொள்ளும்படி வெற்றி கிடையாது. ஆனால் ஒரு பந்தயத்தில், கூடவே முன்னணியில் வந்தவன் மணலில் சறுக்கி விழுந்தபோது, இவர் பிரேக்கைப் பிடித்து அவன் எழுந்து வரும்வரை நின்றார். விழுந்தவனை விட்டுவிட்டு ஓடுவது அந்தத் தொழிலில் கேவலம்; விதிப் புத்தகத்தில் இல்லை, அவ்வளவுதான். எழுந்து வந்தவன் ஜெயித்தான். சேர்மத்துரைக்கு இரண்டாமிடமும் நல்ல பேரும் கிடைத்தன. கால் ஓய்ந்த பிறகு மேனேஜராக வைத்துக்கொண்டதும் அந்தப் பேருக்காகத்தான்.

அவர் அணியில் பலவேசம் என்று ஒருவன். வீடு வீடாக கேஸ் சிலிண்டர் போட்டுப் பிழைப்பவன். மனைவிக்கு ஏழாம் மாதம். கோவில்பட்டிப் பந்தயத்தில் முதலில் வருபவனுக்கு அரசு வேலை என்று அறிவித்திருந்தார்கள். இரண்டாவது வந்தால் ஒன்றும் இல்லை. அந்த வேலைக்கான வயது வரம்பு பலவேசத்துக்கு அடுத்த மாதத்தோடு முடிகிறது.

"இதை விட்டா எனக்கு வேற வழியே இல்ல அண்ணாச்சி" என்றான் புறப்படுமுன்.

"நான் சொல்லுதத மட்டும் கேளு. ஓடும்போது ஏன் எதுக்குன்னு கேக்கக் கூடாது" என்றார் சேர்மத்துரை.

அது அந்த அணியின் வழக்கம். ஜீப்பில் பின்னால் வரும் மேனேஜருக்குத்தான் முழுப் பந்தயமும் கண்ணில் படும். பெடலை மிதிப்பவனுக்கு முன்னால் இருக்கிற சாலை மட்டும்தான் தெரியும்.

நூறு கிலோமீட்டர் தாண்டியபோது முன்னால் இரண்டே பேர்: பலவேசம், அவனுக்குக் கொஞ்சம் பின்னால் எதிரணியின் ரூபன். நல்ல தூறல். ரயில்வே கேட்டில் தண்டவாளம் வழுக்கி ரூபன் விழுந்தான். பலவேசத்துக்கு அது தெரியாது. வளைவு தாண்டித் திரும்பிப் பார்த்தான், யாருமில்லை. ரூபனைக் கழற்றிவிட்டோம் என்று நினைத்து இன்னும் அழுத்தி மிதித்தான்.

சேர்மத்துரையின் ஜீப் பக்கத்தில் வந்தது.

"வேகத்தைக் குறைலே."

"ஏன் அண்ணாச்சி?"

"குறைன்னா குறை."

குறைத்தான். கடைசி ஏற்றத்துக்குத் தெம்பைச் சேர்த்து வைக்கச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டான். இரண்டு நிமிடத்தில் ரூபன் வந்து ஒட்டிக்கொண்டான். காயம் மறுபக்கத் தொடையில், பலவேசம் கவனிக்கவில்லை. வேகம் விட்ட கால் மறுபடி பிடிப்பதற்குள் ஏற்றம் வந்துவிட்டது. எல்லைக்கோட்டில் ரூபன் அரைச் சக்கரம் முன்னால் இருந்தான்.

பரிசு மேடையில் ரூபன் மைக்கைப் பிடித்து, "நான் விழுந்து கிடந்தப்போ எனக்காகக் காத்திருந்தவர் இந்த அண்ணன்தான்" என்று பலவேசத்தைக் காட்டி அழுதான். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. என்ன நடந்தது என்று பலவேசத்துக்கு அப்போதுதான் விளங்கியது. சேர்மத்துரை அவன் தோளில் கை போட்டார். அவன் அந்தக் கையை எடுத்து விட்டுவிட்டு மேடையிலிருந்து இறங்கிப் போனான்.

இப்போது சொல்லுங்கள். காத்திருக்க வைத்தவர் சேர்மத்துரை. காரணம் தெரியாமல் வேகத்தைக் குறைத்தவன் பலவேசம். காத்திருந்தவனையே முந்திப்போய் வேலையை வாங்கிக்கொண்டவன் ரூபன். மூவரில் தவறு யாருடையது?

என் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். ரூபன்மேல் பழியில்லை. தனக்காக ஒருவன் மனதாரக் காத்திருந்தான் என்று நம்பி, நேர்மையாக ஓடி ஜெயித்தான். பலவேசம் அணி வழக்கப்படி நடந்தான். தவறு சேர்மத்துரையுடையது. விழுந்தவனுக்காக நிற்பது நியாயம்தான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அன்று மணலில் நின்றபோது அவர் விட்டுக்கொடுத்தது தன்னுடைய பந்தயத்தை. இன்று விட்டுக்கொடுத்தது இன்னொருவன் சோற்றை. "ரூபன் விழுந்துட்டான், நீ என்ன செய்யப்போற?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் பையன் நிற்கமாட்டானோ என்று பயந்து வாயை மூடிக்கொண்டார். கேட்டிருந்தால் நின்றிருப்பேனா என்று பலவேசத்துக்கே தெரியவில்லை. தெரிந்துகொள்ள அவனுக்கு இனி வழியும் இல்லை.