விலகிப் படுத்த கல்லேடுகள்

அந்தக் காலத்தில் கல்லுக்கும் வாய் இருந்தது. வாய் இருந்ததால் வம்பும் இருந்தது.

ஒரு மலைச்சரிவில் மேலாயி, கீழாயி என்று இரண்டு கல்லேடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக, விளிம்போடு விளிம்பு சேர்த்துப் படுத்திருந்தார்கள். வெங்காயத் தோலைவிட மெல்லிசு. கூடப் பிறந்த மற்ற ஏடுகளையெல்லாம் காற்று உரித்துக்கொண்டு போய்விட்டது. அக்காவுக்குத் தங்கை, தங்கைக்கு அக்கா, அவ்வளவுதான் மிச்சம்.

அவர்களுக்குள்ளே மின்னிகள் என்ற மின்சாரப் பொடிசுகள் குடியிருந்தன. காலையில் வெளிச்சம் வந்து, "எழுந்து ஓடுங்க!" என்று உசுப்பிவிடும். பாதி மேலே ஓடும், பாதி கீழே ஓடும். இந்த ஓட்டமும் அந்த ஓட்டமும் சரிக்குச் சரியாகி, ஒரு பிரயோசனமும் இருக்காது.

பக்கத்தில் தடித்த பாறை ஒன்று. அதன் பேச்சை நானாக இருந்தால் காதிலேயே போட்டுக்கொண்டிருக்க மாட்டேன். ஒருநாள் அது கீழாயியிடம் குசுகுசுத்தது: "வெளிச்சம் முதல்ல யார் மேல விழுது? உங்கக்கா மேல. நல்லதையெல்லாம் அவ அமுக்கிக்கிட்டு மிச்சத்தைத்தான் உனக்கு விடுறா."

கீழாயிக்குச் சுருக்கென்றது. "ஏன்டி பேசாம இருக்கே?" என்று அக்கா கேட்டதுகூட எதையோ மறைக்கக் கேட்டதுபோல் இருந்தது. மத்தியானம் அக்கா கண்ணயர்ந்த நேரம் பார்த்து, எட்டிப் பார்க்க இம்மியளவு பக்கவாட்டில் நகர்ந்தாள்.

மேலாயி விழித்துக்கொண்டாள். "எங்கடி நழுவுறே? என்னை விட்டுட்டுப் போகப் பாக்குறியா?"

"நான் எங்க போறேன்? சும்மா புரண்டு படுத்தேன்."

அந்தச் சும்மாவை மேலாயி நம்பவில்லை. தங்கையைக் கண்காணிக்கச் சொல்லித் தன் மின்னிகளை ஏவினாள். அவை கீழே குனிந்து உளவு பார்த்தன. கீழாயியின் மின்னிகள் பயந்து இன்னும் கீழே ஒதுங்கின. எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்தன.

மறுநாள் வெளிச்சம் வந்து உசுப்பியது. இந்த முறை பாதி பாதியாகப் பிரியவில்லை. அத்தனையும் கீழ்ப்பக்கமாகவே பாய்ந்து வெளியேறின. அடியில் ஊர்ந்த எறும்பு, "ஐயோ, என்னமோ உதறுது!" என்று துள்ளி விழுந்தது.

பாறைக்கு வயிறெரிந்தது. தன் மின்னிகளையும் ஒரு பக்கமாக விரட்டிப் பார்த்தது. அவ்வளவு பெரிய வயிற்றைக் கடப்பதற்குள் அவை களைத்துப்போய் வழியிலேயே உட்கார்ந்துவிட்டன. அவமானத்தில் பாறை மூடிய வாயை இன்னும் திறக்கவில்லை.

கீழாயிதான் அழுதாள். "அக்கா, நீ வெளிச்சத்தை ஒளிச்சு வெச்சிருக்கேன்னு பாறை சொல்லுச்சு. அதான் எட்டிப் பாத்தேன்."

"என்னடி இருந்துச்சு?"

"ஒண்ணுமே இல்லக்கா."

மேலாயி, "சரி, பழைய இடத்துக்கு வா" என்றாள். கீழாயி நகரப் பார்த்தாள். புது இடத்தின் மேடுபள்ளம் அவளைக் கவ்விக்கொண்டிருந்தது. எவ்வளவு முண்டியும் அசைய முடியவில்லை.

அன்று முதல்தான் இம்மி விலகிப் படுத்த மெல்லிய ஏடுகளில் வெயில் பட்டதும் மின்சாரம் ஒரே பக்கமாகப் பாய்கிறது. அக்காளும் தங்கையும் தொட்டுக்கொண்டுதான் கிடக்கிறார்கள், விளிம்புதான் இன்னும் சேரவில்லை.