பூஜ்யம் வாங்கிய சுண்டெலிகள்

கேட்டவர் விடை சொல்லியாக வேண்டிய கதை இது. யோசிக்காமல் கடைசிப் பத்திக்குத் தாவுகிறவர்கள் வேறு வேலை பார்க்கலாம்.

நடுக்குவாதம் கையைப் பிடிப்பதற்கு முன்பே சிலருக்கு முகத்தைப் பிடித்துவிடுகிறது. பேரன் பிறந்த செய்தியைச் சொன்னாலும் அந்த முகத்தில் ஒரு கோடு அசையாது. வீட்டார் அவரைக் கல்நெஞ்சர் என்கிறார்கள். நெஞ்சு கல்லாகவில்லை, முகத்தின் தசைகள்தாம் சொன்னபடி கேட்பதில்லை. பாளையங்கோட்டையில் ஓர் ஆய்வுக்கூடம் இந்நோயைச் சுண்டெலிகளுக்கு வரவழைத்து, அவை இழந்த முகபாவத்தை எண்ணால் அளந்து வந்தது. சுண்டெலிக்கு ஏது முகபாவம் என்று கேட்காதீர்கள். இனித்தால் அதன் நாக்கு நுனி நீளும். கசந்தால் கண் சுருங்கும், காது பின்னால் மடியும்.

அளக்கும் முறையைக் கவனித்துக் கொள்ளுங்கள். எலியின் தலை அசையாதபடி ஒரு சட்டத்தில் பொருத்தப்படும். ஒவ்வொரு துளிக்கு முன்பும் விளக்கு எரியும். மூன்று எண்ணும் நேரம் கழித்துக் கேமரா ஒரு படம் எடுக்கும். உடனே நாக்கில் ஒரு துளி விழும். மறுபடி ஒரு படம். இரண்டு படங்களுக்கும் உள்ள வேறுபாட்டைக் கணினி எண்ணாக்கித் தரும். முகம் மாறவே இல்லையென்றால் பூஜ்யம். ஒவ்வோர் எலிக்கும் மூன்று துளிகள்: முதலில் வெறும் தண்ணீர், அடுத்து சர்க்கரைத் தண்ணீர், பிறகு மலேரியாவுக்குத் தரும் கசப்பு மருந்தான கொய்னாக் கரைசல். கசப்பு நாக்கில் தங்கிவிடும் என்பதால் அது எப்போதும் கடைசி. இந்த வரிசையை ஒருநாளும் மாற்றியதில்லை.

நோயற்ற எலிகளை ஒரே ஒருநாள் அளந்தார்கள். தண்ணீருக்கு இரண்டு, சர்க்கரைக்கு இருபத்தைந்து, கொய்னாவுக்கு நாற்பது. நோயுற்ற எலிகளுக்கோ மூன்றுக்கும் பூஜ்யம். அந்நோயுற்ற எலிகளில் மூன்று கூண்டுகளுக்கு மூன்று ஆய்வாளர்கள் தத்தம் மருந்தை முப்பது நாள் கொடுத்தார்கள். தினமும் காலையில் எலிகள் சட்டத்தில் ஏறின. மூன்று துளியும் குடித்தன. முப்பதாம் நாள் எண்களே தீர்ப்பு. ஒரு மருந்து மேலே போகும். மற்ற இரண்டும் அன்றோடு கைவிடப்படும்.

மூவரில் ஒருத்தியான ஆவுடைநாயகிக்குத் தன் மருந்து எட்டு ஆண்டு உழைப்பு. முப்பதாம் நாள் எண்களோடு தாள் வந்தது. இசக்கிதுரையின் எலிகளுக்கு ஐம்பத்தைந்து, ஐம்பத்திரண்டு, ஐம்பத்தெட்டு. பீர்முகமதுவின் எலிகளுக்கு மூன்று, முப்பது, முப்பத்தொன்று. அவளுடைய எலிகளுக்கு மூன்று இடத்திலும் பூஜ்யம்.

"மூஞ்சி அசையணும்னு கேட்டீங்க. அசையுதுல்லா?" என்றார் இசக்கிதுரை.

"அசையுது அண்ணாச்சி, சாமி வந்த மாதிரி அசையுது. வெறும் தண்ணிக்கு எதுக்கு இம்புட்டு ஆட்டம்?" என்றார் பீர்முகமது.

"ஒம்ம எலி மட்டும் என்னவாம்? சீனித் தண்ணியக் குடுத்தாலும் கண்ணச் சுருக்கிக் காத மடக்கிக்கிட்டு, வேப்பெண்ணெ குடிச்ச மாதிரில்லா இருக்கு!"

ஆய்வுக்கூடத் தலைவர் வேதமாணிக்கம் அவள் பக்கம் திரும்பினார். "நீ என்னம்மா சொல்லுத?"

"படங்களப் பாக்கணும் சார்."

"பூஜ்யத்துல பாக்கதுக்கு என்ன இருக்கு?"

"அதத்தான் பாக்கணும் சார்."

அவர் ஒரு மணி நேரம் கொடுத்தார். ஆவுடைநாயகி தன் எலி ஒன்றின் ஆறு படங்களை மேசையில் பரப்பினாள். துளிக்கு முன், துளிக்குப் பின் என்று ஒவ்வொரு சோடியாக ஒப்பிட்டாள். கணினி பொய் சொல்லவில்லை. எந்தச் சோடியிலும் இம்மியளவு மாற்றம் இல்லை. எட்டு ஆண்டும் வீண் என்று படங்களை வாரப் போனவள், கை நீட்டியபடியே நின்றாள். தண்ணீர்ச் சோடியில் இரு படங்களிலும் முகம் அமைதியாக இருந்தது. சர்க்கரைச் சோடியில் இரண்டிலும் நாக்கு நுனி வெளியே தெரிந்தது. கொய்னாச் சோடியில் இரண்டிலும் கண் சுருங்கிக் காது மடிந்திருந்தது. மற்ற எலிகளின் படங்களையும் எடுத்தாள், அவையும் அப்படியே. மருந்தே காணாத நோயுற்ற எலியின் ஆறு படங்களைப் பக்கத்தில் வைத்தாள். அந்த ஆறும் ஒரே முகம்.

வேதமாணிக்கத்தை அழைத்துக் காட்டினாள். பின்னாலேயே வந்த இசக்கிதுரை, "பூஜ்யத்துக்கும் வக்காலத்தா தாயீ?" என்று சிரித்தார்.

வேதமாணிக்கம் சிரிக்கவில்லை. படங்களின் மேல் குனிந்து சோடி சோடியாகப் பார்த்தார். பிறகு, "நாளைக்குக் காலைல இன்னொரு தடவை அளப்போம். ஒண்ணே ஒண்ண மட்டும் மாத்தி அளப்போம்" என்றார்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். எலிக்கு அதன் முகத்தைத் திருப்பித் தந்தது யாருடைய மருந்து? அதை மெய்ப்பிக்க மறுநாள் அவர் மாற்றியது எது?

விடை: ஆவுடைநாயகியின் மருந்து. பெரிய எண்ணைக் கண்டு இசக்கிதுரையைத் தேர்ந்தவர்கள் வலிப்பையும் முகபாவத்தையும் ஒன்றாக எண்ணினார்கள். சுவை எதுவானாலும் ஒன்றுபோல் ஆடும் முகம் எதையும் சொல்வதில்லை. பீர்முகமதுவின் எலிகள் தித்திப்புக்கும் கசப்புக்கும் ஒரே முகம் காட்டின, அடுத்து வருவது எது என்று கற்கவும் இல்லை; அது பாதி வழி. ஆவுடைநாயகியின் எலிகளோ முப்பது நாளில் வரிசையை மனப்பாடம் செய்துவிட்டன. மூன்றாம் முறை விளக்கு எரிந்ததுமே கசப்பு வரும் என்று முகம் சுளித்தன. கேமரா அந்தச் சுளித்த முகத்தையே முதல் படமாக எடுத்தது, துளி விழுந்த பின் மாறுவதற்கு மிச்சம் எதுவும் இல்லை. நோயற்ற எலிகளை ஒரே நாள் அளந்ததால் அங்கே இந்தப் பிழை தலைகாட்டவில்லை. மறுநாள் வேதமாணிக்கம் மாற்றியது துளிகளின் வரிசையை: கொய்னாவை முதலில் வைத்தார். தண்ணீரை எதிர்பார்த்து அமைதியாக இருந்த எலியின் நாக்கில் கசப்பு விழுந்தது. கணினி நாற்பத்துமூன்று என்றது. இசக்கிதுரை இரண்டாவது எலியையும் அளக்கச் சொன்னார், பிறகு மூன்றாவதையும். நான்காவதைக் கேட்கவில்லை.