கல்வத்தைக் கவிழ்த்தவள்

வாருங்கள், உட்காருங்கள். சின்னவர்கள் முன்னால், பெரியவர்கள் பின்னால். கடை வைத்திருப்பவர்களும் வைத்தியம் பார்ப்பவர்களும் எல்லாருக்கும் முன்னால்! எங்கே நழுவுகிறீர்கள்? உங்களுக்காகத்தான் இந்தக் கதையையே எடுத்தேன்.

உங்கள் பாட்டனுக்குப் பாட்டன் தொட்டிலில் கிடப்பதற்கும் முந்தி, ஓர் ஆற்றங்கரையில் மருதங்குடி என்றொரு ஊர் இருந்தது. அந்த ஊருக்கு ஒரு ராஜாவும் இருந்தார். அவர் செய்த நல்ல காரியம் ஒன்றே ஒன்று. மருந்துக்கு ஒரு சட்டம் எழுதி, மருந்துக்கடைத் தெருவின் முனையில் கல்லில் வெட்டி நிறுத்தினார். பிறகு போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் பேச்சு இத்தோடு சரி.

கல்லில் மூன்று வரிகள். நஞ்சுள்ள சரக்கை விற்பவன் மூன்று நாள் சுத்தி செய்து, அதாவது நஞ்சை நீக்கித்தான் விற்க வேண்டும். மருந்து காய்ச்சுபவர் ஒவ்வொரு முறை காய்ச்சியதையும் முதலில் தன் முன்கையில் தடவி, இரண்டு நாள் பார்த்த பிறகே பிறருக்குக் கொடுக்க வேண்டும். தீங்கு நேர்ந்தால், காரணமானவர் தாமே ஊர்ச் சபைக்கு வந்து சொல்ல வேண்டும்.

சட்டத்தை மீறினால்? வணிகனுக்கு ஓராண்டு கடை மூடப்படும். வைத்தியருக்கு ஓராண்டு கல்வம் கவிழ்க்கப்படும். கல்வம் என்பது மருந்து அரைக்கும் கல். அதைச் சபையில் எல்லார் முன்னாலும் குப்புறக் கவிழ்த்துவிட்டால், அந்த வருஷம் முழுக்க அவர் ஒரு சுக்குத் துண்டைக்கூட அரைத்துக் கொடுக்கக் கூடாது.

அந்த ஊரில் நங்கை என்றொரு வைத்தியச்சி இருந்தாள். மூட்டுவலி, முழங்கால் வலி, இடுப்புப் பிடிப்பு எல்லாவற்றுக்கும் அவள் காய்ச்சும் சேங்கொட்டை எண்ணெய்தான் மருந்து. சேங்கொட்டை பொல்லாதது. அதன் பால் பட்டாலே தோல் வெந்து கொப்புளிக்கும். மூன்று நாள் செங்கல் பொடியில் புதைத்து, அந்தப் பால் முழுவதையும் பொடி உறிஞ்சிய பிறகுதான் அது மருந்துக்கு ஆகும். அப்படிச் சுத்தி செய்து விற்றவர் நீலமேகம் என்ற வணிகர்.

ஒரு வருஷம் அடைமழை பிடித்துக்கொண்டது. ஊரில் முழங்கால் வலி இல்லாத ஆளே இல்லை. நீலமேகத்தின் கடையில் ஒரே நெரிசல். மூன்று நாள் புதைக்க வேண்டியதை அவர் ஒரே நாளில் எடுத்து விற்றார். அடப்பாவி!

நங்கை வீட்டு வாசலிலும் நெரிசல்தான். புதிதாகக் காய்ச்சிய எண்ணெயை அவள் முன்கையில் தடவிப் பார்க்கவில்லை. "நீலமேகம் கடைச் சரக்குதானே, பத்து வருஷமா வாங்குறோமே" என்று இருபத்தொரு வீட்டுக்குக் கலயத்தில் ஊற்றிக் கொடுத்துவிட்டாள். அவளையும் நான் விடமாட்டேன். தப்பு தப்புதான்.

மூன்றாம் நாள் காலையில், கயிறு திரிக்கும் வடிவாள் வந்தாள். அவள் கயிறு திரித்தால்தான் வீட்டில் உலை கொதிக்கும். இரண்டு கையையும் நீட்டினாள். உள்ளங்கை முதல் முழங்கை வரை கொப்புளம்.

"முழங்காலுக்குத் தேய்ச்சேன் அக்கா. முழங்காலும் போச்சு, தேய்ச்ச கையும் போச்சு" என்று அழுதாள்.

பார்த்த மாத்திரத்தில் நங்கைக்குப் புரிந்துவிட்டது. கொப்புளத்துக்குக் குளிர்ச்சியாகப் பற்றுப் போட்டாள். போட்டுக்கொண்டே சொன்னாள்: "வடிவு, இது என் தப்பு. தடவிப் பார்க்காம குடுத்துட்டேன்."

செய்தி நீலமேகத்தின் காதுக்குப் போனது. அவர் விழுந்தடித்துக்கொண்டு ஓடி வந்தார்.

"அவ உடம்புச் சூடுன்னு சொல்லிடு. ஊர் நம்பும்" என்றார் முதலில்.

"சூடு அவ உடம்புல இல்லீங்க, நாம குடுத்த எண்ணெயில இருக்கு" என்றாள் நங்கை.

"சரி, ஒண்ணும் சொல்லாதே. வர்றவங்களுக்குச் சத்தமில்லாம பற்றுப் போட்டு அனுப்பு" என்றார் அடுத்து.

"வராதவங்களை என்ன செய்யிறது?" என்றாள் நங்கை.

அப்புறம் அவர் முகம் மாறியது. "சபைக்குப் போனா கவிழப்போறது உன் கல்வம்தான். சுத்தமான சரக்கைத்தான் வித்தேன், தடவிப் பார்க்காதது அவ குத்தம்னு அடிச்சுச் சொல்லுவேன்" என்றார்.

அவர் மிரட்டியதில் பாதி உண்மை. அதுதான் நங்கையைச் சுட்டது. கல்வம் கவிழ்ந்தால் அவளுக்குச் சோறு இல்லை, பேர் இல்லை. ஆனாலும் இன்னும் இருபது வீட்டில் அந்தக் கலயம் இருக்கிறதே!

"வடிவு கை வெந்துபோச்சு. நாளைக்கு இன்னொருத்தர் கை வேகும். வழியை விடுங்க" என்று சொல்லி, கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு மழையில் இறங்கினாள்.

வீடு வீடாகப் போனாள். "எண்ணெயைத் தொடாதீங்க, அதுல நஞ்சு இருக்கு, தப்பு என்னோடது" என்று ஒவ்வொரு வாசலிலும் சொன்னாள். ஒரு வீட்டில் கதவை அறைந்து சாத்தினார்கள். ஒரு வீட்டில் வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். ஒரு வீட்டில், "உன்னைப் போய் நம்பினோமே" என்று மட்டும் சொன்னார்கள். இந்த மூன்றாவதுதான் அவளைக் கொன்றது. ஆனால் கலயம் கைக்கு வராமல் அவள் எந்த வாசலையும் விட்டு நகரவில்லை.

கடைசிக் கலயம் அக்கரையில், ஓடக்காரன் முத்தையன் வீட்டில் இருந்தது. பரிசல் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது, முத்தையன் எண்ணெயைச் சூடு பண்ணி, படுக்கையில் கிடந்த கிழத் தகப்பனின் முதுகில் ஊற்றக் கலயத்தைச் சாய்த்துக்கொண்டிருந்தான். "நிறுத்து!" என்று நங்கை போட்ட கூச்சலில் கலயம் கீழே விழுந்து உடைந்தது. போனால் போகிறது கலயம். கிழவர் தப்பித்தார்.

அங்கிருந்து அவள் நேரே சபைக்குத்தான் போனாள்.

யாரும் கூப்பிடவில்லை, தானே போனாள். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். சபைத் தலைவர் நீலமேகத்தை வரவழைத்தார். அவரோ சொன்னபடியே அடித்துப் பேசினார். "என் சரக்கு சுத்தம். இவ காய்ச்சினதுலதான் கோளாறு."

சபைத் தலைவர் லேசுப்பட்ட ஆள் இல்லை. நீலமேகத்தின் கடையிலிருந்தே ஒரு மூட்டையைக் கொண்டுவரச் சொன்னார். "காய்ச்சவே வேண்டாம். இதில் ஒரு கொட்டையை நசுக்கி, உங்கள் முன்கையில் தேய்த்துக்கொள்ளுங்கள். இரண்டு நாள் பார்ப்போம்" என்றார்.

நீலமேகத்தின் கை இரண்டும் முதுகுக்குப் பின்னால் போயின. வாய் மட்டும், "சுத்தம்தாங்க, சுத்தம்தாங்க" என்றது. கையை முன்னால் கொண்டுவரச் சொன்னால் வரமாட்டேன் என்கிறது! சபையே சிரித்தது.

நங்கை சிரிக்கவில்லை. முன்னால் போய் ஒரு கொட்டையை எடுத்து நசுக்கித் தன் கையில் தேய்த்துக்கொண்டாள். "காய்ச்சின அன்னிக்கே செஞ்சிருக்கணும்" என்றாள். இரண்டாம் நாள் அவள் கையில் கொப்புளம் எழும்பி நின்றது. வேறு சாட்சி தேவைப்படவில்லை.

மூட்டைகளை ஊருக்கு வெளியே குழி தோண்டிப் புதைத்தார்கள். நீலமேகத்தின் கடைக் கதவைச் சாத்தினார்கள். நங்கையின் முறை வந்தபோது ஜனங்கள், "தானா வந்து சொன்னவளாச்சே, விட்டுடுங்க" என்று கத்தினார்கள். சபைத் தலைவரின் மனமும் இளகியது.

"இன்னிக்கு எனக்காகச் சட்டத்தை வளைச்சா, நாளைக்கு அவருக்காகவும் வளைக்கணும்" என்றாள் நங்கை. சொல்லிவிட்டு, தன் கல்வத்தைத் தானே தூக்கிக் குப்புறக் கவிழ்த்தாள்.

கதை முடிந்தது என்று எழுந்துவிடாதீர்கள். மறுநாள் காலையில் நங்கை வடிவாளின் வீட்டுக்குப் போனாள். வடிவாளின் கை ஆறும்வரை அவள் கயிற்றைத் தானே திரிப்பதாகச் சொல்லி, நாரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"இதுவா கயிறு? இதுல ஆட்டைக் கட்டினா ஆடு சிரிக்கும்" என்று வடிவாள் வைதாள். நங்கை பிரித்து மறுபடியும் திரித்தாள். கோபம் தீராமலே வடிவாள் பக்கத்தில் உட்கார்ந்து, முறுக்கு எப்படி ஏற்றுவது என்று சொல்லிக் கொடுத்தாள்.

கை ஆறிய அன்று வடிவாள் சொன்னாள்: "உன்மேல இருக்கிற ஆத்திரம் இன்னும் போகலை அக்கா. ஆனா முழங்கால் வலிச்சா அடுத்த வருஷமும் உன்கிட்டதான் வருவேன். கெடுதல் நடந்தா மறைக்காம என் வீடு தேடி வந்து சொல்றவ இந்த ஊர்ல நீ ஒருத்திதான்."

நங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டு, கையிலிருந்த கயிற்றைத் திரித்து முடித்தாள்.

ஆகவே கேட்டுக்கொள்ளுங்கள்: பிறர் உடம்பும் உயிரும் நம்மை நம்பி இருக்கும் தொழிலில், தவறு நேர்ந்தால் அதை முதலில் சொல்ல வேண்டியவரும், தடுக்க ஓட வேண்டியவரும், தண்டனையை ஏற்க வேண்டியவரும் தவறு செய்தவரே.