உறைபனியில் கிளம்பாத டீசல் கார்

கோத்தகிரியில் உறைபனி விழுந்த காலை. எஸ்டேட் முதலாளி பெள்ளிராஜின் டீசல் கார் கிளம்ப மறுத்தது; கயிறு கட்டி ஒர்க்‌ஷாப்புக்கு இழுத்து வந்தார்கள். ஒர்க்‌ஷாப்பின் தலைமை மெக்கானிக் தணிகாசலம், "இன்ஜினையே மாத்தணும் சார்" என்று முடிவாகச் சொல்லிவிட்டார்.

அங்கே வண்டி கழுவும் ஜெபமணி, "குளிருக்கு இன்ஜினுக்குள்ள சூடேத்துற ஹீட்டர் பிளக் போயிருக்கும் சார்" என்றாள்.

தணிகாசலம் சீறினார். "நாலு பிளக் இருக்கு. ஒண்ணையும் கழட்டாம எது போச்சுன்னு சொல்லு. தப்பாச்சுன்னா இன்னிக்கே வேலையை விட்டுப் போயிடணும். உன் கண்ணுக்கு இன்ஜினுக்குள்ள தெரியுமா?"

"எனக்குத் தெரியாது சார். பல்புக்குத் தெரியும்."

நாலு பிளக்கையும் இணைத்த தகட்டை மட்டும் எடுத்தாள். சோதனைக்காக வைத்திருக்கும், இரண்டு ஒயர் கோத்த சின்ன பல்பை எடுத்தாள். அதன் ஒரு ஒயரைப் பேட்டரி பிளஸ்ஸில் மாட்டி, மறு ஒயரால் ஒவ்வொரு பிளக்கின் தலையையும் தொட்டாள். ஒன்றிலும் நான்கிலும் பல்பு எரிந்தது. இரண்டிலும் மூன்றிலும் எரியவில்லை. "இந்த ரெண்டுலயும் கரண்ட் போகல சார், இதுதான் போச்சு" என்றாள்.

"பல்பு சரியில்ல!" என்றார் தணிகாசலம்.

ஜெபமணி மறுபடி முதல் பிளக்கைத் தொட்டாள். பல்பு பளிச்சென்று எரிந்தது.

பழைய பிளக்கில் பொறித்திருந்த அதே எண், அதே வோல்ட் பார்த்து நாலையும் புதிதாக மாட்டினாள்.

"டேஷ்போர்டுல சுருள் படம் போட்ட விளக்கு அணையட்டும் சார், பிளக் சூடாயிடுச்சுன்னு அர்த்தம். அப்புறம் கிளப்புங்க."

முதல் திருப்பலிலேயே இன்ஜின் உறுமியது. பெள்ளிராஜ் கார்க் கண்ணாடியை இறக்கி அவளைக் கூப்பிட்டார்.

"எஸ்டேட்ல இன்னும் மூணு வண்டி நிக்குதுங்கம்மா. வந்து பாக்கணும், ஏறுங்க."

தணிகாசலமே ஓடிவந்து முன்கதவைத் திறந்துவிட்டார்.