பின் சீட்டு

ஷம்ஷாத்திடம் தொழில் கற்றுக்கொள்ள வந்தபோது மாசிலாமணிக்கு ஐம்பத்தெட்டு வயது. ஷம்ஷாத்துக்கு முப்பத்து நான்கு.

குனியமுத்தூரில் பாலக்காடு சாலையை ஒட்டி ஷம்ஷாத்தின் பட்டறை இருந்தது. அவர் இன்ஜினைத் தொடமாட்டார். ஷாக் அப்சார்பர் வேலை மட்டும்தான், அதுவும் பெரிய ஸ்கூட்டர்களுக்கு மட்டும். நீளமான சீட்டும் கனத்த உடம்புமாக, இரண்டு பேர் தொலைதூரம் போவதற்கென்றே வாங்கும் வண்டிகள் அவை. கேரளத்திலிருந்துகூட அவரைத் தேடி வருவார்கள்.

மாசிலாமணி முப்பத்தொரு வருடம் ஒரு பம்ப் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்தவர். மயிரிழை கூடினாலும் பொருளை ஒதுக்கிவைத்துவிடுவார் என்று அங்கே பெயர். ஓய்வுபெற்ற பிறகு தன் ஸ்கூட்டருக்கு ஷாக் மாற்ற வந்தவர், ஷம்ஷாத் வேலை செய்வதை நாள் முழுக்க நின்று பார்த்தார். மறுநாளும் வந்தார். மூன்றாம் நாள், எனக்கும் சொல்லிக்கொடுப்பீர்களா என்று கேட்டார்.

சொல்லிக்கொடுக்கலாம், ஆனால் வயதில் சின்னவள் திட்டினால் கோபித்துக்கொள்ளக் கூடாது என்றார் ஷம்ஷாத். மாசிலாமணி ஒத்துக்கொண்டார். பிறகு ஷம்ஷாத் அவரை ஒருநாளும் திட்டவில்லை. வருகிறவர்கள் நரைத்த தலையைப் பார்த்து மாசிலாமணியிடம்தான் பேச ஆரம்பிப்பார்கள். அவர் ஷம்ஷாத்தைக் கைகாட்டிவிட்டு நகர்ந்துகொள்வார்.

அளவெடுக்கிற வேலை அவருக்கு மிகவும் பிடித்துப்போனது. ஆள் ஏறாதபோது வண்டியின் பின்பக்கம் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது, ஏறி உட்கார்ந்ததும் எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். அதற்குத் தக்கபடி ஸ்பிரிங்கை இறுக்க வேண்டும், அல்லது தளர்த்த வேண்டும். அமுங்கிய ஷாக் எவ்வளவு வேகத்தில் திரும்ப நிமிர வேண்டும் என்பதற்குத் தனியாக ஒரு திருகு உண்டு. ஆறு மாதத்தில் எல்லாம் கைக்கு வந்துவிட்டது.

ஒருநாள் கேட்டார்.

"இதுதான் சரியான அளவுன்னு ஒண்ணு இருக்குதுங்களா அம்மிணி?"

"யார் உட்கார்றாங்கன்னு கேளுங்கண்ணா. அளவு அப்புறம்."

எடை எவ்வளவு என்று கேட்கச் சொல்கிறார் என்று மாசிலாமணி எடுத்துக்கொண்டார்.

சித்திரை மாதத்தில் ஷம்ஷாத்தின் தங்கைக்குப் பிரசவம். ஷம்ஷாத் ஒற்றப்பாலம் போய்விட்டார். வர இரண்டு வாரம் ஆகும், பெரிய வேலை வந்தால் எனக்கு ஒரு போன் போடுங்கள் என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

மூன்றாம் நாள் நஞ்சப்பன் வந்தார். நூல் மில்லில் சூப்பர்வைசர். அவருடைய மனைவி பூங்கோதைக்குப் பிறந்த வீடு கோத்தகிரி. அங்கே தம்பி வீட்டில் பூங்கோதையின் அம்மா எழுந்து நடக்க முடியாமல் படுத்திருந்தார். வேறு யாரையும் குளிப்பாட்ட விடமாட்டார். ஞாயிற்றுக்கிழமைதோறும் மகள் போய்த் தலைக்கு ஊற்றிவிட வேண்டும். பஸ்ஸில் போனால் மலைப்பாதை வளைவுகளில் பூங்கோதைக்கு வாந்தி நிற்காது. அதனால் வருடக்கணக்காக ஸ்கூட்டரில்தான் போய்வந்தார்கள்.

இப்போது பூங்கோதைக்கு இடுப்புக்கு மேலே வலி. முதுகெலும்பில் ஒரு வட்டு லேசாகப் பிதுங்கியிருக்கிறது, குலுங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் நஞ்சப்பன் இருப்பதிலேயே நல்ல ஷாக்காகப் பார்த்து ஒரு ஜோடி வரவழைத்துக் கையோடு கொண்டுவந்திருந்தார். மாட்டித் தந்தால் போதும் என்றார்.

மாசிலாமணி ஷம்ஷாத்துக்குப் போன் போடவில்லை. தனியாகச் செய்து காட்ட வேண்டும் என்று இருந்தது.

பழைய ஷாக்கைக் கழற்றிப் புதியதை மாட்டினார். நஞ்சப்பனை உட்காரவைத்து அளந்தார். மனைவி எவ்வளவு எடை என்று கேட்டார். ஐம்பத்திரண்டு கிலோ. பக்கத்துக் கடையிலிருந்து இருபத்தாறு கிலோ அரிசி மூட்டை இரண்டை வாங்கிவந்து பின் சீட்டில் வைத்துக் கட்டி, மறுபடியும் அளந்தார். எல்லாம் மில்லிமீட்டர் சுத்தமாக இருந்தது. நஞ்சப்பன் ஒரு சுற்றுப் போய்வந்து, தண்ணீரில் மிதக்கிற மாதிரி இருக்கிறது என்றார்.

ஞாயிறு கழிந்து திங்கட்கிழமை அவர் திரும்பி வந்தார். பூங்கோதைக்கு வலி குறையவில்லை.

பள்ளத்தில் விழும்போது ஷாக் முழுக்க அமுங்கி அடியில் இடிக்கிறது என்று மாசிலாமணி முடிவு செய்தார். ஸ்பிரிங்கை மூன்று சுற்று இறுக்கினார். நிமிரும்போது தூக்கிப்போடக் கூடாது என்று திருகையும் நன்றாகத் திருப்பி, நிமிரும் வேகத்தைக் குறைத்தார்.

அடுத்த ஞாயிறு, கோத்தகிரிக்குச் சற்று முன்னால், அடுத்தடுத்து மூன்று வேகத்தடை வந்தது. முதலாவதில் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவதில் ஒரு குலுக்கல். மூன்றாவதில் பூங்கோதையின் முதுகில் யாரோ கட்டையால் அடித்த மாதிரி இருந்தது. வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கியவரால் நிற்க முடியவில்லை. தம்பி கார் கொண்டுவந்து, பின் சீட்டில் படுக்கவைத்துக் கோயம்புத்தூருக்கு அழைத்துப்போனார். அம்மா வீடு அங்கிருந்து மூன்று கிலோமீட்டர்தான். அன்றைக்கு அம்மாவைப் பார்க்காமலேயே பூங்கோதை திரும்ப வேண்டியதாயிற்று.

நஞ்சப்பன் போனில் இதைச் சொன்னார். கோபமாகக்கூடப் பேசவில்லை. மாசிலாமணி அன்றைக்குப் பட்டறையைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போனார். முப்பத்தொரு வருடத்தில் அவர் கையெழுத்துப் போட்ட எந்தப் பம்பும் திரும்பி வந்ததில்லை.

ஷம்ஷாத் ஊரிலிருந்து வந்ததும் மாசிலாமணி அவரிடம் ஒன்றுவிடாமல் சொன்னார். அரிசி மூட்டையையும் மறைக்கவில்லை.

ஷம்ஷாத் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு நஞ்சப்பனின் வண்டியைக் கொண்டுவரச் சொல்லி, பின்பக்கத்தை இரண்டு கையாலும் அழுத்திவிட்டார். வண்டி மெல்ல, மிக மெல்ல எழுந்தது. அது பாதி எழுவதற்குள் மறுபடி அழுத்தினார். அதற்குள் இன்னொரு முறை. இப்போது அமுங்குவதற்கு இடமே இல்லை, கட்டை மாதிரி நின்றது.

"அடி வாங்கினா அமுங்கும். அடுத்த அடிக்குள்ள நிமிரணும். நீங்க நிமிர விடலீங்கண்ணா."

"தப்புத்தானுங்க."

"இது தப்பு. ஆனா முதல் ஞாயித்துக்கிழமை இந்தத் தப்பு இல்லையே. அன்னைக்கும் வலிச்சிருக்குது."

மாசிலாமணி பின் சீட்டைப் பார்த்தார். ஷம்ஷாத் கேட்டார்.

"அரிசி மூட்டை கீழ இறங்குனப்புறம் உங்ககிட்ட ஏதாச்சும் சொல்லுச்சுங்களா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். ஷம்ஷாத் அதை மேற்கொண்டு வளர்க்கவில்லை. ஸ்பிரிங்கைத் தளர்த்தி, திருகைப் பழைய இடத்துக்குக் கொண்டுவரச் சொன்னார். மாசிலாமணி செய்தார். பிறகு இரண்டு பேரும் நஞ்சப்பன் வீட்டுக்குப் போனார்கள்.

பூங்கோதை தரையில் பாய் விரித்துப் படுத்திருந்தார். எழுந்து உட்கார முயன்றவரை ஷம்ஷாத் தடுத்தார். மாசிலாமணி நடந்ததைச் சொல்லி, மன்னிப்புக் கேட்டார். உங்கள் இடத்தில் மூட்டையை வைத்துப் பார்த்தேன் என்பதையும் சொன்னார்.

"என்னையக் கூப்பிட்டிருந்தா வந்திருப்பேனுங்களே" என்றார் பூங்கோதை.

அவ்வளவுதான் சொன்னார். அம்மாவைப் பற்றித்தான் அவருக்குக் கவலையாக இருந்தது. தம்பி மனைவி பக்கத்தில் போனாலே அம்மா கையைத் தட்டிவிடுகிறாராம்.

மூன்று வாரம் கழிந்தது. நடக்கலாம், உட்காரலாம் என்று டாக்டர் சொன்ன பிறகு, ஒரு காலைவேளையில் நஞ்சப்பன் பூங்கோதையை ஆட்டோவில் பட்டறைக்கு அழைத்துவந்தார். வண்டி தயாராக நின்றது. பூங்கோதை அதைப் பார்த்தார். கிட்டே போகவில்லை.

ஷம்ஷாத் அவருக்கு நாற்காலி போட்டார். பிறகு நஞ்சப்பனிடம் ஹெல்மெட்டை எடுத்துக் கொடுத்து, மதுக்கரை வரைக்கும் போய்விட்டு வாருங்கள், எப்போதும் எப்படி ஓட்டுவீர்களோ அப்படியே ஓட்டுங்கள் என்றார். மாசிலாமணியைப் பின்னால் உட்காரச் சொன்னார்.

மாசிலாமணி யோசித்துப் பார்த்தார். வண்டி ஓட்டத் தெரிந்த நாளிலிருந்து அவர் யார் பின்னாலும் உட்கார்ந்ததாக ஞாபகம் இல்லை.

அரைமணி நேரத்தில் திரும்பினார்கள். நஞ்சப்பன் நன்றாக இருக்கிறது என்றார். மாசிலாமணி இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். கைப்பிடிக் கம்பியை இறுக்கிப் பிடித்ததில் உள்ளங்கை சிவந்திருந்தது.

"ஷாக்கு என்ன பண்ணுச்சுங்கண்ணா?" என்று கேட்டார் ஷம்ஷாத்.

"ஷாக்கு ஒழுங்காத்தான் வேலை செய்யுது. ஆனா ஒவ்வொரு பள்ளமும் எனக்கு விழுந்துச்சு. அவருக்கு விழுந்த மாதிரி தெரியலீங்க."

ஷம்ஷாத் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வண்டியில் ஏறினார். மறுபடியும் பின்னால் உட்காரச் சொன்னார். அதே சாலை, அதே வேகம். ஆனால் இந்த முறை முன்னாலிருந்து ஒரு குரல் வந்துகொண்டிருந்தது. மேடு வருகிறது என்றார். இடப்பக்கம் பள்ளம் என்றார். பிரேக் பிடிக்கப் போகிறேன், லாரியைத் தாண்டப் போகிறேன் என்றார். மேடு என்றதும் மாசிலாமணி தன்னை அறியாமல் காலை ஊன்றி உடம்பைச் சற்றுத் தூக்கினார். அவருக்கு அடியிலேயே மேடு கடந்துபோனது.

திரும்பி வந்து இறங்கியபோது அவர் இடுப்பைப் பிடிக்கவில்லை. வண்டியைச் சுற்றி வந்து, குனிந்து இரண்டு ஷாக்கையும் பார்த்தார்.

"செட்டிங் எதையும் மாத்தலீங்களே அம்மிணி?"

"மாத்தல."

"அப்புறம் எப்படிங்க?"

"ஷாக்குக்குப் பள்ளத்துல இறங்குனப்புறம்தான் தெரியும். ஓட்டுறவருக்கு முன்னாடியே தெரியுது."

நஞ்சப்பன் அங்கேதான் நின்றிருந்தார். வண்டிச் சாவியைக் கையில் வாங்கி, அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருபத்திரண்டு வருஷமா இவரு முதுகைத்தானுங்க பார்த்துட்டுப் போறேன். கோத்தகிரி ரோடு எப்படி இருக்கும்னு கேட்டா எனக்குத் தெரியாது" என்றார் நாற்காலியில் இருந்த பூங்கோதை.

குறையாகச் சொல்லவில்லை. இப்போதுதான் தனக்கே தெரியவந்தது போல் சொன்னார்.

அதற்குப் பிறகு ஷம்ஷாத் பூங்கோதையை வண்டியில் உட்காரவைத்தார். நஞ்சப்பன் முன்னால் உட்கார்ந்தார். மாசிலாமணி டேப்பைப் பிடித்து அளக்கும்போது பூங்கோதையிடமே கேட்டார். கால் சரியாக ஊன்றுகிறதா, முன்பக்கம் சரிகிற மாதிரி இருக்கிறதா என்றார். கால் வைக்கும் இடம் எட்டவில்லை, எப்போதுமே எட்டியதில்லை என்றார் பூங்கோதை. அதை இரண்டு விரல் உயர்த்திப் பொருத்திக் கொடுத்தார்கள். ஸ்பிரிங்கில் அரைச் சுற்று தளர்த்தினார்கள்.

முதலில் தெருமுனை வரை போய்வந்தார்கள். பிறகு சுந்தராபுரம் வரை. வாய்விட்டுச் சொல்வது நஞ்சப்பனுக்குக் கூச்சமாக இருந்தது. பள்ளம் என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் பள்ளம் பின்னால் போய்விட்டிருந்தது. பூங்கோதை சிரித்தார். பத்து நாள் அப்படி ஊருக்குள்ளேயே ஓட்டிப் பழகினார்கள்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை கோத்தகிரிக்குப் போனார்கள். வழியில் நான்கு இடத்தில் நிறுத்தி, இறங்கி நின்று, மெதுவாகத்தான் போனார்கள். அன்று மதியம் பூங்கோதை பட்டறைக்குப் போன் செய்தார். மாசிலாமணிதான் எடுத்தார். அம்மாவைக் குளிப்பாட்டிவிட்டேன், தலை துவட்டும்போதே தூங்கிவிட்டார் என்றார் பூங்கோதை. வலி லேசாக இருக்கிறது, தாங்குகிற வலிதான் என்றார். மேட்டுப்பாளையத்தில் ஆரம்பித்து மேலே வரும்வரை இவர் வாயை மூடவே இல்லை, இப்போது காதுதான் வலிக்கிறது என்றும் சொன்னார்.

மாசிலாமணி போனை வைத்துவிட்டு வந்து, பூங்கோதை சொன்னதைச் சொன்னார். ஷம்ஷாத் ஒரு ஷாக்கைப் பிரித்து, பழைய எண்ணெயைத் தகரத்தில் வடித்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணு கேக்கலாமுங்களா?"

"கேளுங்கண்ணா."

"சொல்லிட்டே ஓட்டுனா வலி குறையுதுன்னு ஆயிருச்சு. அப்ப அவ்வளவு நல்ல ஷாக்கு எதுக்குங்க? பழசே போதுமே."

ஷம்ஷாத் கடைசிச் சொட்டு விழும்வரை காத்திருந்தார். பிறகு கையைத் துணியில் துடைத்துக்கொண்டு சொன்னார்.

"சொல்ல மறந்துபோற பள்ளத்துக்கு."